புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அந்தக் குறுக்குத் தெருவில் செல்வாம்பாளைப் 'பிரெஞ்சு படிச்ச பொண்ணு' என்றுதான் சொல்வார்கள். 1954-க்கு முன்னால் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை இருந்தது. கொடி மாறிய பிறகும் வார்த்தை அதேதான். மரியாதை மட்டும் கழன்றுவிட்டது.

அவளைக் கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் சேர்த்தது அப்பா ஆதிமூலம். அவர் ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரங்களை எழுதிப் பதிந்துகொடுக்கும் வெள்ளைக்காரரிடம், குமாஸ்தா. ஆட்சி நடக்கும் மொழி தெரிந்தால் பெண் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தார். செல்வாம்பாளும் சும்மா படிக்கவில்லை. வகுப்பில் எந்தப் பாடத்தைக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். பரிசுகூட வாங்கினாள். ஒப்பித்ததில் பாதிக்கு மேல் என்ன அர்த்தம் என்று அவளும் கேட்கவில்லை, அவளை யாரும் கேட்கவும் இல்லை.

படிப்பு முடிந்து கல்யாணமானது. கட்டியவன் மறுவருஷமே சைகோனுக்கு வேலைக்குப் போனான். அங்கே அவனுக்கு ஒரு குடும்பம் ஆகிவிட்டதாகக் கப்பலில் திரும்பியவர்கள் சொன்னார்கள். செல்வாம்பாள் அழுததை யாரும் பார்க்கவில்லை. ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டுக்கு வந்தாள், பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள், அடுப்பைப் பார்க்கப் போனாள். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்ததால் அடுப்பைப் பார்க்க வேறு ஆளும் இல்லை.

சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துவந்தாள். கொடி மாறியதும் அப்பன்மார்கள் இனி இங்கிலீஷ்தான் சோறு போடும் என்று பிள்ளைகளை ஒவ்வொன்றாக வேறு வாத்தியாரிடம் கொண்டுபோய்விட்டார்கள். சிலநாள் அவள் வழக்கம்போலப் பாயை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சுருட்டி மூலையில் சாத்தினாள். அதற்குப் பின் அந்த வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் இரண்டு பேர், பேச வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஆதிமூலம் தண்ணீர் குடிப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செம்பை ஒரு முழம் உயரத்தில் பிடித்து, தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து, கயிறு இறங்குவதுபோல ஒரே தாரையாக ஊற்றிக்கொள்வார். ஒரு சொட்டு மேலே சிந்தாது, தொண்டை நிற்காமல் ஏறி இறங்கும். வாய் வைத்துக் குடிப்பது எச்சில், அதை நாயும் பூனையும்தான் செய்யும் என்பார். நொத்தேர் துரை ஊருக்குக் கிளம்பும்போது நீல விளிம்பு போட்ட பீங்கான் கோப்பை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வாய் வைக்காமல் அதில் குடிக்க முடியாது என்பதால் அது மாடத்தில் அழகுக்கு உட்கார்ந்திருந்தது.

1957-இல் ஐப்பசி மழை பிடித்த நேரம். முகம் கழுவப் போனவர் கிணற்றடியிலேயே சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் கோணிற்று, பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் கொஞ்சநாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

செல்வாம்பாள் பார்த்துக்கொண்டாள். அந்த விஷயத்தில் பள்ளிப் படிப்பு உதவியது என்றே சொல்ல வேண்டும். நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று பெண்பிள்ளைகளுக்குத் தனிப் பாடம் இருந்தது. குளிர்காலத்தில் நோயாளியின் அறையில் கணப்பு அணையாமல் காக்க வேண்டும் என்று அதில் ஒரு பக்கம் வரும். அதைப் புதுச்சேரியில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் சன்னலைத் திறந்துவை, துப்பட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகு, ஒரே பக்கமாகப் படுக்கவிடாமல் அடிக்கடி திருப்பிப் போடு என்பதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். திருப்பிப் போட்டாள். முதுகில் ஒரு புண் வரவில்லை. படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

எதிர்வீட்டு வேளாங்கண்ணி அவரைத் தூக்கி உட்காரவைக்க வந்து ஒரு கை கொடுப்பாள். அவள் புருஷன் லூர்துநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வேளாங்கண்ணிக்கு உடம்பும் பெரிது, வாயும் பெரிது. திறந்திருக்கும் சன்னலைப் பார்த்து, கிழவரைக் காற்றில் காயப்போட்டு வற்றல் ஆக்கப் போகிறாயா என்று கேட்பாள். கேட்டுக்கொண்டே அவர் கால்மாட்டில் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அவள் இருக்கும்வரை வீட்டில் சத்தம் இருக்கும். போனால் மில் சங்கு ஊதும்வரை ஒன்றுமில்லை.

மற்றவர்கள் முதல் மாதம் வந்தார்கள். ஆரஞ்சு கொண்டுவந்தார்கள். ஆதிமூலம் பேசுவது புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் தெருவில் செல்வாம்பாளைப் பார்க்கும்போது விசாரித்தார்கள். கடைசியில் விசாரிப்பதும் நின்றது. அதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, நெடுநாள் நோய் என்றால் அப்படித்தான். தங்கை கமலா அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆறு தாண்டினால் அரியாங்குப்பம், சைகோன் அல்ல. ஆனாலும் மாடு கன்று போட்டிருக்கிறது, நடவு நடக்கிறது, மாமியாருக்கு முட்டிவலி என்று வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அவளால் வர முடியவில்லை.

அதனால் அந்த வீட்டுக்குத் தவறாமல் வந்தது ஒன்றே ஒன்றுதான், புரை.

கை விழுந்தபின் ஆதிமூலம் தானாகச் செம்பைத் தூக்க முடியாது. செல்வாம்பாள் அவர் கழுத்தைத் தன் முழங்கையில் ஏந்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அவர் குடித்த மாதிரியே மேலிருந்து ஊற்றுவாள். இரண்டு மடக்குக்கு ஒருமுறை புரையேறும். கண் சிவக்கும், மூக்கில் தண்ணீர் வரும். அவள் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்கப்பா" என்பாள். நம் ஊரில் புரையேறினால் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்த வீட்டில் அது சும்மா வாய்வார்த்தையாக இல்லை. ஆதிமூலம் மூச்சு திரும்பியதும் கோணல் வாயால், "யாரு?" என்பார். அவள் சொல்ல வேண்டும். கமலாவாக இருக்கும், நடவு முடிந்திருக்கும், திண்டிவனத்துப் பக்கம் போன உங்கள் கூட்டாளி நாராயணசாமியாக இருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பெயர். அவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் ஓட்டுவார். நாராயணசாமி ஒருமுறை மைக்கூட்டைத் துரையின் மேசையில் கவிழ்த்தது, கமலா சின்ன வயதில் மாசி மகத்துக் கூட்டத்தில் தொலைந்துபோனது என்று குழறிக் குழறிச் சொல்வார். செல்வாம்பாளுக்கு மட்டும் அது புரியும். நாளாக ஆக, தண்ணீர் வேண்டாத நேரத்திலும் தண்ணீர் கேட்டார்.

நடுவில் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. வரும், நெஞ்சில் சளி கட்டும், டாக்டர் ஊசி போடுவார், போகும். மறுபடி வரும். ஒருமுறை டாக்டர் முதுகில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். சாப்பிடும்போதும் குடிக்கும்போதும் இருமுகிறாரா என்று செல்வாம்பாளைக் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். காய்ச்சல் வந்தாத்தான் இருமல்."

அவள் பொய் சொல்லவில்லை. இருமல் என்பது நோய், புரையேறுவது நோயல்ல, சேதி. அதைப் போய் டாக்டரிடம் யாராவது சொல்வார்களா? டாக்டர் ஊசியைப் போட்டார். இன்னொரு தடவை இப்படிக் கட்டினால் பெரியவர் நெஞ்சு தாங்காது, மனதைத் தேற்றிவைத்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

செல்வாம்பாள் உள்ளே வந்து வீட்டைப் பார்த்தாள். கூட இருக்க உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆள் கட்டிலில் மூச்சு இரைக்கப் படுத்திருந்தார். அவர் போய்விட்டால் பாயை விரித்தாலும் சுருட்டினாலும் கேட்க ஆளில்லை. அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்காமல் துணி துவைக்கப் போனாள்.

1959 மாசி மகத்துக்குக் கமலா வந்தாள். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வரும் நாள். கடலில் குளித்த ஈரத் தலையோடு, பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு, அப்பாவைப் பார்க்க வந்து உட்கார்ந்தாள். அப்பா இளைத்துவிட்டார் என்று கண்ணீர் விட்டாள். அக்கா சரியாகப் போடுவதில்லையோ என்ற மாதிரி அடுக்களையை ஒரு பார்வை பார்த்தாள். நாள்பூராவும் நீ பார்க்கிறாயே, இன்று ஒருநாள் நான் தண்ணீர் கொடுக்கிறேன் என்று செம்பை வாங்கிக்கொண்டாள். வேளாங்கண்ணியும் வழக்கமான இடத்தில் வெற்றிலையோடு இருந்தாள்.

கமலா அப்பாவின் தலையைக் கையில் சாய்த்து ஊற்றினாள். இரண்டாவது மடக்கில் புரையேறியது. இந்தத் தடவை பலமாக. முகம் கறுத்துவிட்டது. கமலா பதறித் தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்கப்பா, யாரோ நினைக்கிறாங்க" என்றாள்.

வேளாங்கண்ணி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "தெனமும் நீ நெனைக்கிறன்னுதான் ஒங்கக்கா சொல்லுவா. இப்ப நெனைக்கிற பொண்ணு எதுக்காலயே குந்திக்கிது. இப்ப நெனைக்கிறது யாராம்?"

கமலாவும் சிரித்தாள். ஆதிமூலத்துக்குக்கூட, இருமலுக்கு நடுவில், வாய் ஒருபக்கம் சிரிக்கப் போயிற்று. செல்வாம்பாள் சிரிக்கவில்லை. அவள் கமலாவின் முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்மேல் தொங்கிய தலை, வானத்தைப் பார்த்த முகவாய், இழுத்துக் கட்டிய மாதிரி நீண்ட தொண்டை. இத்தனை மாதமாகச் செம்பைப் பிடித்தது அவள் என்பதால் தள்ளி நின்று அதைப் பார்த்ததே இல்லை. இந்தத் தொண்டையை வேறெங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது.

பள்ளியில், உடற்கூறுப் பாட வகுப்பில், சுவரில் ஒரு படம் தொங்கும். மீசை வைத்த வெள்ளைக்காரன் ஒருவனைத் தலையிலிருந்து நெஞ்சுவரை நட்டநடுவே அறுத்துப் பக்கவாட்டில் காட்டியிருப்பார்கள். பெண்பிள்ளைகள் அவனுக்குப் 'பாதி துரை' என்று பேர் வைத்திருந்தார்கள். முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். மூச்சுக்குழலுக்கு மேலே நாக்கடியில் சின்னதாக ஒரு மூடி. விழுங்கும்போது குரல்வளை எழும்பும், மூடி கவியும், உணவு அதன்மேல் வழுக்கிப் பின்குழலுக்குப் போகும். மூடி சரியாகக் கவியாவிட்டால் உணவு தவறி மூச்சுக்குழலில் இறங்கும். கன்னியாஸ்திரி அளவுகோலால் பாதி துரையின் தொண்டையில் தட்டித் தட்டிச் சொல்வாள். செல்வாம்பாள் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கிய பாடம் அதுதான்.

தவறி இறங்குவதற்குப் பிரெஞ்சில் 'குறுக்கே விழுங்குவது' என்பார்கள். அந்தக் குறுக்கே விழுங்குவதும் தன் வீட்டில் தினம் வரும் புரையும் ஒன்று என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே கிடையாது. பாடம் பிரெஞ்சில் இருந்தது, புரை தமிழில் இருந்தது. பாதி துரைக்கு நடந்தது ஆதிமூலத்துக்கும் நடக்கும் என்று யார் நினைப்பார்கள்?

யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் மூச்சுக்குழலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அதுதான் நெஞ்சில் போய்ச் சளியாகக் கட்டுகிறது. அதை ஒவ்வொரு நாளும் தன் கையால் ஊற்றி, தலையில் தட்டி, ஒரு பெயரும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் செம்பைக் கமலாவின் கையிலிருந்து வாங்கினாள். அடுக்களைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, தன் குரல்வளையில் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கினால் குரல்வளை சிரமப்பட்டு ஏறியது. முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்கினால் சுலபமாக ஏறியது. நல்ல உடம்புக்கே அப்படி என்றால் பாதி செத்த தொண்டைக்கு எப்படி இருக்கும்? ஆறேழு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

இனிமேல் அப்பாவுக்கு அண்ணாந்து ஊற்றக் கூடாது, நிமிர்த்தி உட்காரவைத்து, குனிந்தபடி கோப்பையில் வாய் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றாள். காரணத்தையும் சொன்னாள்.

கமலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா வாய வெச்சுக் குடிச்சு நீ பாத்திருக்கியாக்கா? ஒரு சொட்டு செதறாம குடிச்சவரு. நாலு பேர் இருக்கிற எடத்துல அவர நாய் மாதிரி நக்கச் சொல்றியா?"

"நாலு பேர் எங்கடி இருக்காங்க?" என்றாள் செல்வாம்பாள்.

கமலா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். பொழுது இறங்குவதற்குள் ஆற்றைத் தாண்ட வேண்டும் என்று கிளம்பினாள். போகும்போது அப்பாவிடம், தெருவில் கால் வைத்தாலே உங்களுக்குப் புரையேறும் பாருங்கள், நான் அங்கே உங்களையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லி அழுதாள். உண்மையாகவே சொன்னாள். பிரச்சினையே அதுதான்.

ஆதிமூலம் கோப்பையைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரண்டியால் கொடுத்துப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டார். செம்பைக் கொண்டா என்று இடது கையால் காட்டினார். அவள் கொண்டுவரவில்லை. அன்று ராத்திரி முழுக்கவும் மறுநாள் காலையும் அப்படியே போயிற்று. உதடு வெடித்துவிட்டது. வேளாங்கண்ணி வந்து பார்த்து, கிழவரைக் காற்றில் காயப்போட்டது போதாதென்று இப்போது தண்ணீரையும் நிறுத்திவிட்டாயா என்று கேட்டாள். இந்தத் தடவை அதில் விளையாட்டு இல்லை.

வேளாங்கண்ணி போனபிறகு செல்வாம்பாள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்தாள். கட்டிலுக்கு எதிரே வெள்ளையடித்த சுவரில் பாதி துரையை வரைந்தாள். அவளுக்கு வரைய வராது. மூக்கு கத்தரிக்காய் மாதிரி வந்தது, மீசை மட்டும் நன்றாக அமைந்தது. முன்குழல், பின்குழல், மூடி. ஆதிமூலம் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வரைந்து முடித்ததும் அவள் கையைத் தட்டிவிட்டு, தூணோரம் நின்று, பாடத்தை ஒப்பித்தாள். பிரெஞ்சில்.

சின்னவளாக இருந்தபோது அவர் சவரம் செய்துகொள்ளும் நேரத்தில் அந்தத் தூணோரம் நின்றுதான் ஒப்பிப்பாள். தப்பு வந்தால் கத்தியை நிறுத்திவிட்டு ஒரு விரலைத் தூக்குவார். இப்போது அந்த மொழியை அந்த வீட்டில் உரக்கச் சொல்லி வருஷங்கள் ஆகியிருந்தன. முதல் வரியில் தடுமாறினாள். இரண்டாவது வரியிலிருந்து தானாக வந்தது. ஓரிடத்தில் ஆதிமூலத்தின் இடது கை விரல் மேலே போயிற்று. அவள் நிறுத்தி, யோசித்து, உச்சரிப்பைத் திருத்திச் சொன்னாள். விரல் இறங்கியது.

குறுக்கே விழுங்குவது என்ற இடம் வந்ததும் அவர் மறுபடி விரலைத் தூக்கினார். இந்தத் தடவை தப்பில்லை. "மூடி... எங்க?" என்று கேட்டார்.

அவள் அவர் இடது கையை எடுத்து அவர் தொண்டையிலேயே வைத்தாள். "விழுங்குங்க" என்றாள். விழுங்கினார். தலையைச் சாய்த்து விழுங்கச் சொன்னாள். அது முடியவில்லை, மல்லாடினார், வெறும் எச்சிலுக்கே புரையேறப் பார்த்தது. குனிந்து விழுங்கச் சொன்னாள். விரலுக்கடியில் அது ஏறி இறங்கிற்று. அவரே இன்னொரு முறை செய்து பார்த்தார். வாழ்நாள் முழுதும் அடுத்தவர் சொன்னதை நம்பாமல் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படித்த மனிதர். படத்தைப் பார்த்தார், தொண்டையைத் தடவினார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

பிறகு மாடத்தில் இருந்த துரையின் கோப்பையைக் கண்ணால் காட்டினார்.

அதற்குக் காது இருந்ததால் இடது கையாலேயே பிடிக்க வந்தது. செம்பைக் கொண்டு அது நடந்திருக்காது. வாய் வைத்துக் குடிப்பதும் இழுக்கு, இடது கையால் குடிப்பதும் இழுக்கு. ஆதிமூலம் இரண்டையும் ஒரே நாளில் விழுங்கினார். அவள் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி, முகவாயைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். முதல் வாய் கோணல் பக்கமாக வழிந்து போயிற்று. அடுத்ததை நல்ல பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தாள். இறங்கியது. அதற்கடுத்ததும் இறங்கியது. வெறும் தண்ணீர் வேகமாக ஓடுகிறது என்று கண்டுகொண்டு, மறுநாளிலிருந்து வடித்த கஞ்சியைக் கொழகொழவென்று கொடுத்தாள். குடித்தவுடன் படுக்கப் போடாமல் கொஞ்சநேரம் உட்காரவைத்தாள். இதெல்லாம் எந்தப் பாடத்திலும் இல்லை, கை கண்டுபிடித்தது. அடுத்த முறை டாக்டர் வந்தபோது, நான் அன்று இருமல் இல்லை என்று சொன்னது தப்பு என்று சொல்லி நடந்ததையும் சொன்னாள். அதைத்தானே அம்மா கேட்டேன் என்றார் அவர், சுவரில் இருந்த மீசையைப் பார்த்துக்கொண்டே. காய்ச்சல் மறுபடி வரவில்லை.

புரையும் வரவில்லை.

முதலில் அவர் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. ஒருநாள் மத்தியானம் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தார். வெளியே வெயில். தெருவில் ஒரு சத்தமில்லை. செல்வாம்பாள் என்னவென்று கேட்டாள்.

"யாரும்... நெனைக்கலியா?" என்றார்.

காரணம் தெரிந்த மனிதர்தான். தன் விரலாலேயே தொட்டுப் பார்த்தவர். ஆனாலும் கேட்டார். செல்வாம்பாளுக்குக் கமலா பெயரைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"நான்தான் நெனச்சுக்கினு இருக்கேன்பா. கிட்ட இருக்கிறவங்க நெனச்சா பொறை ஏறாது."

அவர் கோப்பைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு கோப்பையைக் கொடுத்தார். அதற்குப் பின் நாராயணசாமியின் மைக்கூட்டுக் கதையை அவர் சொல்லவில்லை. செல்வாம்பாள்தான் சிலநாள் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சொன்னாலும் பாதியில் விட்டுவிடுவார். அவரைப் பிழைக்கவைத்ததில் அவரிடமிருந்து எதை எடுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அதையேதான் செய்தாள். மறுபடி செய்யச் சொன்னாலும் செய்திருப்பாள்.

அப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தார். 1961-இல் வெயில் காலத்தில் ஒரு விடியற்காலை இரண்டாவது முறை வாதம் அடித்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரம் கொடுக்கவில்லை. நெஞ்சு சுத்தமாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். கமலா வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். காரியம் முடிந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னாள். பாதி துரை இரண்டு பூச்சுக்கும் மறையாமல் மீசையைக் காட்டிக்கொண்டிருந்தான். மூன்றாவது பூச்சில் போனான்.

அந்த வருஷக் கடைசியிலேயே லூர்துநாதனும் வேளாங்கண்ணியும் பிரான்சில் வேலையிலிருக்கும் மகனிடம் கிளம்பிவிட்டார்கள். கப்பலேறப் போகும் அன்று வேளாங்கண்ணி வந்து, பெட்டிகளுக்கு நடுவே உட்கார நேரமில்லாமல், வாசலில் நின்றபடியே பேசினாள்.

"வரேன்டி செல்வா. பொறை ஏறுச்சுன்னா நான்தான்னு வெச்சுக்கோ."

"ஏறாது போங்கக்கா. நான் குனிஞ்சுதான் குடிக்கிறேன்" என்றாள் செல்வாம்பாள். இருவரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்தது. அவர்களுக்கு யாரையும் தெரியாது.

செல்வாம்பாள் சும்மா உட்காரவில்லை. டாக்டர்தான் முதலில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார், சோலைநகர்ப் பக்கம், வாதம் வந்த ஒரு அம்மாள். பிறகு ஒரு வீடு சொல்லி இன்னொரு வீடு. படுத்தவர்களுக்கு ஊட்டவும், திருப்பிப் போடவும், வீட்டுக்காரர்களுக்குக் காட்டிக்கொடுக்கவும் போய்வந்தாள். போன வீடுகளிலெல்லாம் நோயாளிக்குப் புரையேறியதும் யாராவது தலையில் தட்டி அந்த வார்த்தையைச் சொல்வார்கள். அவள் தட்டுகிற கையைப் பிடித்து எடுத்துவிட்டு, நோயாளியின் முகவாயைத் தாழ்த்துவாள். யாரும் நினைக்கவில்லை என்று மட்டும் எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

1962 ஆகஸ்டில், ஊர் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது என்று தெருவில் கொடி கட்டியிருந்த ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தாள். தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நடுவில், வெளியே யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்க, வாயில் சோற்றோடு "யாரு?" என்று கேட்டுவிட்டாள். புரையேறிவிட்டது. கண் நிறையத் தண்ணீர் வந்தது. முன்னுக்குக் குனிந்து, இரண்டு இருமலில் அதை வெளியே தள்ளினாள். சாப்பிடும்போது பேசக் கூடாது என்பது அந்தப் பாடத்தின் கடைசி வரி. வெளியே யாருமில்லை, பக்கத்து வீட்டில் யாரையோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

வீடு அமைதியாக இருந்தது. தலையில் தட்ட ஒரு கை இல்லை.

மாடத்தில் அப்பாவின் கோப்பையும் அடுக்களையில் அவருடைய செம்பும் இருந்தன. செல்வாம்பாள் மிச்சத்தைச் சாப்பிட்டு இலையை மடித்தாள். பிறகு எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் எடுத்தாள். தலையை நன்றாகப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டாள். மெதுவாக, செம்பு காலியாகும்வரை.

புரையேறவில்லை.

செம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். சோலைநகர் அம்மாளுக்குக் கஞ்சி கொடுக்கும் நேரமாகியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினாள்.